ஒல்லி உடம்புக்குக் கோட்: ரெடிமேடா, தையலா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கோட்டைப் போட்டுப் பார்த்தால் முதலில் தோளைக் கவனியுங்கள். தையல் கோடு தோள் எலும்பு முடியும் இடத்திலேயே நிற்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்டை மடித்துத் தைக்கலாம். தோளைக் குறைப்பது மட்டும் கோட்டையே பிரித்துத் தைக்கிற வேலை. சின்ன சைஸான 36-ஏ தோளைத் தாண்டித் தொங்கினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

டெய்லரிடம் துணியும் கூலியும் சேர்ந்து செலவு கூடத்தான் செய்யும், நாளும் பிடிக்கும். ஆனால் கோட்டின் நீளம், பட்டன் நிற்கும் உயரம், பாக்கெட் எல்லாம் சின்ன உடம்புக்கு ஏற்றபடி அமையும். அதனால் என் தம்பிக்குத் தையல்தான் சொன்னேன்: ஒரே ஒரு நேவி ப்ளூ கோட், அப்புறம் அதே துணியில் இரண்டு பேன்ட். பேன்ட்தானே முதலில் தேயும்.