கொழிஞ்சாம்பாறை மாடி அரங்கில் ஸ்டார் டிரெக்கின் 59ஆம் ஆண்டு

ஸ்டார் டிரெக் என்னும் விண்வெளிக் கதைத் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியதை, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கொண்டாடுவது எங்கள் வழக்கம். 2025இல் ஆள் கூடிவிட்டதால், கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் ஓர் உணவகத்தின் மாடி அரங்கை வாடகைக்கு எடுத்தோம். கோவைக்காரர்கள் வேலந்தாவளம் வழியாகவும், பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் வழியாகவும் வந்து சேர இது வசதியான இடம். ஓணம் முடிந்து இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வாசலில் போட்ட பூக்களம் வாடிக் கிடந்தது.

முதலில் பாராட்ட வேண்டியது ப்ரொஜெக்டரைக் கவனித்துக்கொண்ட இளைஞரை. முதல் அத்தியாயத்தைப் போட்டதும் கதையில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பல் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் தெரிந்தது. நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவர், "அண்ணா, மொகமெல்லாம் அகலமாத் தெரியுதே, இது பழைய டிவி அளவுங்களா?" என்று கேட்டு, நான்குக்கு மூன்று அளவுக்கு மாற்றிக் கொடுத்தார். திரையின் இருபுறமும் கறுப்பாக நின்றாலும், கப்பல் தலைவர் கிர்க்கின் முகமும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கின் முகமும் உள்ளபடி தெரிந்தன. அந்தத் தொடரை எங்களைப் போல நேசிப்பவர்களுக்கு அது சிறிய உதவியன்று.

குறை ஒலியில்தான். தகரக் கூரையில் எதிரொலித்து வசனம் குழம்பியதால், திரையின் அடியில் ஓடும் வசன எழுத்துகளைப் படித்தே கதையைப் பின்தொடர வேண்டியிருந்தது. இரண்டாம் பருவத்தோடு (சீசன்) நின்றுபோகவிருந்த தொடருக்காக அமெரிக்க ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்து மூன்றாம் பருவத்தைப் பெற்ற கதையை எங்கள் மூத்த நண்பர் மனமுருகிச் சொன்னபோது, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தே கேட்டோம்.

அன்றிரவு சந்திர கிரகணம் என்பதால், சமையற்காரர் எட்டு மணிக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டார். பாலக்காட்டுப் பக்கத்து ராமசேரி ஊர் முறையில் மண்பானை வாயில் துணி கட்டி வேகவைத்த இட்லி, தோசைபோல் தட்டையாகவும் பஞ்சுபோல் மெத்தென்றும் இருந்தது. பொடியில் தேங்காய் எண்ணெய் மணத்தது. சாம்பார் மட்டும் சற்று நீர்த்திருந்தது. பதினொன்று தாண்டியதும் உரிமையாளர் தாமே மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட, மேகம் விலகிய நேரமெல்லாம் சிவந்த நிலவைப் பார்த்தோம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

60ஆம் ஆண்டுக்கும் இதே அரங்கைச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறோம். ஒலிபெருக்கியை மட்டும் நாங்களே கொண்டுபோகிறோம்.