பழைய பிஎஸ்பிக்கு எந்த பேட்டரி? சீல் பிரிக்காத ஒரிஜினலும் மற்ற மூன்று வழிகளும்

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி, பழையது ஒன்றைத் தூக்கிக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் நான்கு விதமான பதில் வரும். "ஒரிஜினல், சீல் பிரிக்காதது இருக்கு" என்பார் ஒருவர். "சைனா பேட்டரி போடுங்க, போதும்" என்பார் அடுத்தவர். "செல்லை மட்டும் மாத்தித் தரேன்" என்பார் மூன்றாமவர். "இதுக்கு எதுக்குங்க பேட்டரி, சார்ஜர்லயே ஓட்டுங்க" என்பது நான்காவது பதில். நான்கிலும் உண்மை இருக்கிறது, ஆனால் நான்கும் சமம் இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1000, 2000, 3000 வரிசைக் கருவிகளுக்கு, அண்மையில் தயாரான, கொள்ளளவைக் கூட்டிச் சொல்லாத மாற்று பேட்டரிதான் (சோனி அல்லாத வேறு நிறுவனம் செய்தது) சரி. அதிக விலை கொடுத்து வாங்கும் சீல் ஒரிஜினல்தான் இருப்பதிலேயே மோசமான பேரம்.

அதற்கு முன்னால், கோளாறு பேட்டரியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவர் சார்ஜரை மட்டும் செருகி ஸ்விட்சைத் தள்ளுங்கள். பிஎஸ்பி பேட்டரி இல்லாமலே இயங்கக்கூடியது. ஓடினால் சார்ஜரும் போர்டும் பெரும்பாலும் நலம், சந்தேகம் பேட்டரி மேல் போகலாம். ஓடவில்லையா, சார்ஜரை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் வர வேண்டும், நடுமுனை பாசிட்டிவாக இருக்க வேண்டும். பின் சரியாக நுழைகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த சார்ஜரைச் செருகினால் போர்டில் உள்ள சின்ன ஃபியூஸ் போய்விடக்கூடும். அப்புறம் எத்தனை புது பேட்டரி போட்டாலும் சார்ஜ் ஏறாது.

யுஎஸ்பி கேபிளால் சார்ஜ் ஏறவில்லை என்பதை வைத்து பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் மாடலான 1000, யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஆகவே ஆகாது. 2000, 3000 மாடல்களில் ஆகும், ஆனால் அமைப்புகளுக்குள் போய் யுஎஸ்பி சார்ஜ் என்பதை இயக்க வேண்டும், கருவியும் ஆனில் இருக்க வேண்டும். முழுக்கக் காலியான பேட்டரியோடு அது நடக்காது. முதல் சார்ஜைச் சுவர் சார்ஜரில்தான் போட வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஆரஞ்சு விளக்கு நிலையாக எரிந்து, நிறைந்ததும் அணையும். ஏறவில்லை என்றால் பேட்டரியின் உலோக முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் முனைகள் மங்கிப்போவது சகஜம். அதன் பிறகும் இல்லையென்றால் மல்டிமீட்டர். நிறைந்த பேட்டரி 4.2 வோல்ட் அருகே காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் நம்பிக்கை குறைவு. சில கடைகளில், இப்படிச் செத்துக் கிடக்கும் பேட்டரிக்கு வெளியிலிருந்து நேராக கரண்ட் கொடுத்து எழுப்பித் தருவார்கள். தயவுசெய்து செய்ய விடாதீர்கள். லித்தியம் பேட்டரி மிகவும் இறங்கி நாளாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படியும். உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக அது வழி. அதைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது.

பேட்டரி உப்பியிருந்தால் இந்தச் சோதனை எதுவுமே தேவையில்லை. பின்மூடி சரியாக மூடாது. கண்ணாடி மேசையில் பேட்டரியை வைத்தால் ஆடும். அதை மறுபடி கருவிக்குள் போடவே வேண்டாம்.

இனி நான்கு வழிகள். சீல் பிரிக்காத ஒரிஜினல் என்ற சொல்லுக்கு நம் ஊரில் பெரிய மதிப்பு. மிக்ஸிக்கும் குக்கருக்கும் அது பொருந்தலாம். லித்தியம் பேட்டரிக்குப் பொருந்தாது. தயாரான நாளிலிருந்தே அதற்கு வயது கூடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். வெப்பம் அந்த மூப்பை வேகப்படுத்தும். 2014-ல் பிஎஸ்பி விற்பனையையே சோனி நிறுத்திவிட்டது. அதாவது மிகப் புதிய ஒரிஜினல்கூடப் பத்து வருடத்தைத் தாண்டியது. அது எத்தனை கத்திரி வெயிலைத் தகரக் கூரை போட்ட குடோனில் கழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தானாகவே மின்னழுத்தம் இறங்கி, நான் மேலே சொன்ன ஆபத்தான நிலைக்கே போயிருக்கலாம். இன்றைக்குப் பளபளவென்று கிடைக்கும் ஒரிஜினல் ஒன்று பழையதாக இருக்கும், இல்லையென்றால் ஒரிஜினலாகவே இருக்காது.

ஒரு விலக்கு உண்டு, அது நின்டெண்டோ ரசிகர்களுக்கு. 2011-ல் வந்த அதன் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் இருக்கும் 1300 எம்ஏஎச் (பேட்டரிக் கொள்ளளவின் அலகு) பேட்டரியும், 2017-ல் வந்த ஸ்விட்ச் கருவிக்கான புரோ கண்ட்ரோலரில் இருப்பதும் ஒன்றே. பின்னால் வந்த பொருளிலும் அதே பேட்டரி என்பதால், அதிகம் மூப்படையாத ஒரிஜினல் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. 3டிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், அதற்கு 1750 எம்ஏஎச் கொண்ட வேறு பேட்டரி.

மாற்று பேட்டரியில் ஏமாற்று அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்கலாம். 1000 மாடலோடு சோனி கொடுத்தது 1800 எம்ஏஎச், மெலிந்த 2000, 3000 மாடல்களோடு கொடுத்தது 1200. பெரிய பேட்டரி என்று தனியாக விற்றதே 2200தான். அப்படியிருக்க அதே அளவுப் பெட்டியின் மேல் 3600 என்று அச்சடித்திருந்தால் அது பொய். அடக்கமாக 1200 என்றோ 1800 என்றோ போட்டிருக்கும் பேட்டரியையே எடுங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் எடை போட்டுப் பாருங்கள், கனமானதில் சரக்கு அதிகம் இருக்கத்தான் வாய்ப்பு. மாடல் குழப்பமும் வேண்டாம்: 1800 பேட்டரி மெலிந்த மாடலிலும் வேலை செய்யும், ஆனால் தடிமன் கூட என்பதால் பழைய மூடி மூடாது, தனி மூடி வேண்டும். அச்சிட்ட தயாரிப்புத் தேதி இருந்தால் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெரும்பாலும் டெஸ்டிங் வாரண்டி, அதாவது கடையிலேயே போட்டுப் பார்ப்பது வரைக்குமான உத்தரவாதம், மட்டும்தான் கிடைக்கும். அதனால் கருவியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு, சார்ஜ் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுக்க ஏற்றி, ஒரே விளையாட்டை அணையும் வரை ஓட்டுங்கள். 1000 மாடலின் ஒரிஜினல் பேட்டரிக்கு சோனி சொன்ன கணக்கு விளையாட்டுக்கு 4 முதல் 6 மணி நேரம். மாற்று பேட்டரி மூன்றரை மணி நேரம் தாக்குப் பிடித்தாலே நான் திருப்தி அடைவேன். சார்ஜ் ஏறும்போது கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016-லிருந்து தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. அதனால் பல விற்பனையாளர்கள் பேட்டரியை அனுப்பவே மாட்டார்கள். நம் ஊர்க் கடையே மேல்.

செல் மாற்றும் வழியை நான் மதிக்கிறேன். நல்ல கை அமைந்தால் நான்கில் இதுதான் சிறந்த பேட்டரியைத் தரும். பழைய பேட்டரியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் செல்லை எடுத்துவிட்டு, அதே சின்ன போர்டோடு புது செல்லை இணைப்பது. அந்த போர்டுதான் பாதுகாப்பு, கருவியோடு தகவல் பரிமாறுவதும் அதுதான், அதனால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. பை வடிவ லித்தியம் செல்லின் மேல் ஆறு இலக்க எண் இருக்கும். 503450 என்றால் 5 மில்லிமீட்டர் தடிமன், 34 அகலம், 50 நீளம். உங்கள் உறைக்குள் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு, அதற்குள் அடங்கும் எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஒட்டியும் ஒட்டாமலும் திணிக்க வேண்டாம், செல் லேசாகப் பருக்க இடம் வேண்டும். இணைப்பை ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது நொடிப்பொழுது மின்சாரத்தால் தகட்டை ஒட்டும் முறையில், செய்ய வேண்டும். சோல்டரிங் அயர்னை நேராகச் செல்லின் உடம்பில் வைப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், அந்தச் சூடு செல்லைக் கெடுத்துவிடும். போர்டு பழைய செல்லின் கணக்கையே நினைவில் வைத்திருப்பதால் திரையில் காட்டும் சதவீதம் கொஞ்சம் தடுமாறலாம். 2009-ல் வந்த பிஎஸ்பி கோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைப்பேன். அதில் பேட்டரி உள்ளேயே பூட்டியிருப்பதால் எப்படியும் கருவியைப் பிரித்தாக வேண்டும்.

நான்காவது, சார்ஜரிலேயே ஓட்டுவது. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுபவருக்குக் காசு மிச்சம். ஆட்டத்தைச் சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் சேமிப்பும் போகும். ஆட்டத்தைச் சேமிக்கும் அட்டையான மெமரி ஸ்டிக்கில் பல வருட ஆட்டம் இருப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

பென்சில் பேட்டரி போடும் கருவிகள் வேறு கதை, அங்கே தேர்வு சுலபம். 2001-ல் வந்த நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸுக்கு ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இரண்டு போதும். 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம், கடைசி வரை கிட்டத்தட்ட அந்த அளவிலேயே நிற்கும். சிவப்பு விளக்கு வந்த பிறகு மட்டும் அதிக நேரம் கிடைக்காது. செங்கல் அடுக்கும் பழைய பிரிக் கேமுக்குச் சாதாரண நிப்போ பேட்டரியே தாராளம். எதுவானாலும் ஆடி முடித்து எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும்.

புதிதாக வாங்கிய பிஎஸ்பி பேட்டரியையும் பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வீட்டில் வெயில் படாத அறையில் வையுங்கள். கழித்த பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கலாம். உப்பியதென்றால் அதுவரைக்கும் மொட்டை மாடியில் வெயிலில் வைக்காமல், மணல் போட்ட டப்பாவுக்குள், மூடியை இறுக்காமல் வைத்திருங்கள்.