ஆசனவாய் வெடிப்பு: தசையைத் தளர்த்துவதா, வெட்டுவதா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் விளம்பரப் பலகைகள் ‘மூலம், பவுத்திரம், வெடிப்புக்கு லேசர்’ என்கின்றன. லேசரா கத்தியா என்பது அப்புறம். எந்தத் தசையில், எவ்வளவு நீளத்துக்கு வெட்டப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள். அவசரத்தில் நாமே இறுக்கிப் பிடிப்பது வெளிவளையம். உள்வளையம் தானாக இயங்குவது. சும்மா இருக்கும்போது உள்ள மூடல் அழுத்தத்தில் சுமார் 70–85 சதவீதம் அதனுடையது. 6–8 வாரம் தாண்டியும் ஆறாத வெடிப்பில் பெரும்பாலும் இந்த உள்வளையம்தான் விடாமல் இறுகியிருக்கும். இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, புண் ஆறுவதில்லை.

களிம்பு அந்த இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தும். 2 சதவீத டில்டியாசெம், பட்டாணி அளவு, தினம் இருவேளை, 6–8 வாரம். வலி நின்றதுமே விட்டுவிடக் கூடாது. நைட்ரோகிளிசரின் களிம்பில் தலைவலி அதிகம். சில்டெனாபில் (வயாகரா) மாத்திரை போடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. தசையைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் பிடி சுமார் 3 மாதம். இவற்றால் தசைக்கு நிரந்தர இழப்பு இல்லை, ஆனால் வெடிப்பு திரும்பி வருவது அதிகம்.

பக்கவாட்டில் உள்வளையத்தை வெட்டும் அறுவையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும். ஆனால் வெட்டிய தசை பழைய பலத்துக்குத் திரும்பாது. காற்றை அடக்க முடியாமல் போவது, உள்ளாடையில் லேசான கசிவு: முதல் சில வாரங்களில் வந்து பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். வெட்டு வெடிப்பின் மேல்முனையோடு நின்றால் கசிவு குறைவு, திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். பின்புற நடுவில் வெட்டினால் பள்ளம் விழுந்து அதன் வழியே கசியும். லேசரால் வெட்டினாலும் போவது அதே தசைதான். மயக்கம் கொடுத்து விரல்களால் விரிக்கும் பழைய முறையில் தசை எங்கே எவ்வளவு கிழிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, வேண்டவே வேண்டாம்.

சுகப்பிரசவத்தில் கிழிசல் பட்டவர்கள், பவுத்திர அறுவை ஆனவர்கள், அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் உடனே வெட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் வெடிப்பில் தசை இறுகாமலே இருக்கலாம். இறுகாததை வெட்டினால் நஷ்டம் மட்டுமே. ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் ஆசனவாய் அழுத்தப் பரிசோதனை, உள்வழி ஸ்கேன் பற்றி விசாரியுங்கள். தசையைத் தொடாமல், பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடும் அறுவையும் உண்டு.

வெடிப்பு முன்பின் நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ காசநோய், கிரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), எச்ஐவி எல்லாம் இல்லையென்று தெரியும்வரை கத்தியும் வேண்டாம், லேசரும் வேண்டாம்.