மதியக் காற்றில் நிற்க எந்தப் பலகை? நான்கு எஸ்.யு.பி. (நின்று துடுப்பு போடும்) சர்ஃப் பலகைகள், ஓர் ஒப்பீடு

வேலைக்குப் போகிற எனக்குக் கடல் கிடைப்பது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். சென்னையை அடுத்த கோவளத்தில் விடியற்காலை எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் தண்ணீர், சித்திரை வைகாசியில் கடற்காற்று ஏறியதும் ஆளே மாறிவிடும். மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். தென்கிழக்கிலிருந்து காற்று கிளப்பிவிடும் சிற்றலை ஒரு பக்கம், பாறையில் மோதித் திரும்பி வரும் அலை இன்னொரு பக்கம், நடுவில் மீன்பிடிப் படகு ஒன்று கிழித்துவிட்டுப் போன தண்ணீர். மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும்போது பலகைக்கு அடியில் தரை என்று ஒன்றே இருக்காது. சர்ஃபிங் பழகுகிறவர்கள் இதைத்தான் 'சாப்' என்கிறார்கள்.

சாதாரண சர்ஃப் பலகை வைத்திருப்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. பலகைமேல் உட்கார்ந்து காத்திருப்பார். துடுப்போடு நின்றுகொண்டே அலைக்குக் காத்திருக்கிற நமக்குத்தான் சிக்கல். அலை பிடிப்பதற்கு முன்பே பத்து முறை விழுந்து ஏறினால், நல்ல அலை வரும் நேரத்தில் காலில் வலு இருக்காது.

என் எடை 78 கிலோ. நடுத்தரமான பழக்கம், இடுப்பளவு, மார்பளவு அலை பிடிப்பேன், திருப்புவேன், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் இந்த எடையையும் பழக்கத்தையும் வைத்துத்தான். ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: காற்றடைக்கிற 10 அடி 6 அங்குலப் பலகை (அகலம் 32 அங்குலம்), 10 அடி நீளமும் 30 அங்குல அகலமும் உள்ள லாங்போர்டு, 8 அடி 6 அங்குல நீளத்தில் 32 அங்குல அகலமான குட்டைப் பலகை (130 லிட்டர்), 9 அடி 2 அங்குல நீளம், முப்பதரை அங்குல அகலம், 128 லிட்டரில் ஒரு நடுவாந்தரப் பலகை.

லிட்டர் கணக்கை, அதாவது பலகையின் கொள்ளளவை, முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். கடல்நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோ. 128 லிட்டர் பலகையை முழுக்க அழுத்தினால் 131 கிலோவைத் தாங்கும். என் எடையும் பலகையின் எடையும் சேர்ந்து 87 கிலோ என்று வையுங்கள். மிச்சத் தூக்குவிசை 44 கிலோ. பத்தரை அடி காற்றுப் பலகையோ 15 சென்டிமீட்டர் தடிமன்; கொள்ளளவு சுமார் 300 லிட்டர். அதில் மிச்சம் 200 கிலோவுக்கு மேல். கேட்பதற்கு 200 கிலோ மிச்சம் என்றால் பத்திரமாகத் தோன்றுகிறது. சாப்பில் அதுவே வினை. பலகை தண்ணீருக்குள் உட்காராமல் மேலே மிதந்து, ஒவ்வொரு சிற்றலைக்கும் தக்கைபோல் ஆடும்.

இதை எனக்குப் புரியவைத்தது கட்டுமரம். கோவளத்தில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுதான். ஆனால் கட்டுமரத்தில் முட்டி போட்டும் நின்றும் துடுப்பு போட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுமரம் கடலில் போகும்போது பாருங்கள், பாதி மரம் தண்ணீருக்குள்தான் இருக்கும். அலை மேலே ஏறி, கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போகும். அலையோடு அது மல்லுக்கு நிற்பதில்லை. நின்று துடுப்பு போடுகிற பலகைக்கும் அதேதான்: சிற்றலை ஓரத்தின் மேல் ஏறி வழிந்து போக வேண்டும், ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

அகலத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். மிதக்கிற எந்தப் பொருளுக்கும் இடவலமாகச் சாயாமல் நிற்கும் திறன் அகலத்தின் கனத்தை (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்து ஏறுகிறது. 30 அங்குலத்திலிருந்து 32க்குப் போனால் வெறும் 2 அங்குலம்தான், ஆனால் நிலைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். அதனால்தான் கடையில் "ஆடுது சார்" என்றால் உடனே அகலமானதை எடுத்து நீட்டுகிறார்கள். தட்டையான தண்ணீரில் அது சரி. ஆனால் அகலப் பலகை எதற்கு இணையாக நிற்கப் பார்க்கிறது? தண்ணீரின் பரப்புக்கு. பரப்பே சாய்ந்தால் பலகையும் கூடவே சாயும், அதுவும் வெடுக்கென்று. கொஞ்சம் ஒடுக்கமான பலகை அந்தச் சாய்வுக்கு மெதுவாகத்தான் வரும். முழங்காலை மடக்கிச் சமாளிக்க அரை நொடி கிடைக்கும். சாப்பில் எனக்கு அந்த அரை நொடிதான் எல்லாம்.

காற்றுப் பலகை

சீக்கிரம் சொல்லிவிடலாம். பையில் மடித்துப் பேருந்தில் எடுத்துப் போகலாம், பாறையில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது, அடுக்குமாடியில் வைக்க இடம் வேண்டாம். முட்டுக்காடு உப்பங்கழியில் காலை நேரத்துக்கு அருமையான பலகை. ஆனால் காற்றடிக்கும் கடலில் அலை பிடிக்க இதை வாங்காதீர்கள். தடிமனாக மேலே மிதப்பதால் காற்று அதன் விலாவில் அறைகிறது. ஓரம் உருண்டையாக இருப்பதால் அலைமேல் திரும்பும்போது தண்ணீரைக் கடிக்காமல் வழுக்குகிறது. 15 பி.எஸ்.ஐ. வரை அடைத்தாலும் சிற்றலைமேல் இலேசாக வளைவது காலுக்குத் தெரியும். வாடகைக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கிறது; இதில் சாப்பில் விழுந்துவிட்டு "எனக்கு எஸ்.யு.பி. வராது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆளின் குறை அல்ல அது.

லாங்போர்டு

பத்து அடிப் பலகைக்கு என் மனதில் எப்போதும் ஒரு இடம் உண்டு. முன்பின் ஆட்டம், அதேபோல, நீளத்தின் கனத்தைப் பொறுத்துக் குறைகிறது. எட்டரை அடிக்கும் பத்து அடிக்கும் அதில் ஏறத்தாழ 60 சதவீத வித்தியாசம். துடுப்பை நான்கு முறை போட்டால் ஓட்டம் பிடித்துவிடும். ஓடுகிற பலகை நிற்கிற பலகையைவிட எப்போதும் திடமானது, சைக்கிளைப் போல. அலையையும் தூரத்திலேயே எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் மூக்கில். அகலமான, உருண்டையான மூக்கு. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக மூக்கைத் தூக்கும்போது காற்று அதற்கு அடியில் புகுந்துவிடும். பக்கக் காற்றிலோ மூக்கு தானாகவே திரும்பும். அதைத் திருத்தவே பாதித் துடுப்பு செலவாகும். பொங்கி வரும் நுரையில் பத்து அடிப் பலகை கையை விட்டுப் போனால் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் இதை எடுப்பதே இல்லை. முதிர்ந்த பழக்கம் உள்ளவர், நிதானமான ஆட்டம் பிடித்தவர், கூட்டமில்லாத கரை: இந்த மூன்றும் சேர்ந்தால் இது நல்ல தேர்வு.

குட்டையும் அகலமும், நடுவாந்தரமும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான். வாங்க நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பதும் இங்கேதான்.

குட்டை அகலப் பலகைக்குப் பழைய வேர் உண்டு. 1940களில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் என்பவர் படகுகள் தண்ணீர்மேல் எழும்பி வழுக்கும் கணக்கை எடுத்து சர்ஃப் பலகைக்குப் போட்டுப் பார்த்தார். 1954ல் அலையிலேயே இறந்துபோனார். அகலமான வால், தட்டையான அடிப்பாகம், கொஞ்ச அலையிலும் சீக்கிரம் எழும்பி ஓடுதல்: இந்த எண்ணம்தான் இன்றைய குட்டை எஸ்.யு.பி.களில் பலவற்றுக்கு அடிப்படை. நம் கரையின் முழங்காலளவு, தொடையளவு அலைக்கு அது அற்புதமாகப் பொருந்தும். எட்டரை அடிப் பலகையில் நான் முதல் அலை எடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தூக்கிப் போட்டதுபோல் ஓடியது, பின்காலை அழுத்தியதும் இருந்த இடத்திலேயே சுற்றியது.

ஆனால் அலைக்குக் காத்திருக்கும் நேரம்? கணக்கை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். இரண்டின் வெளிவடிவமும் ஏறத்தாழ ஒன்று என்று எடுத்துக்கொண்டு, நீளம் அகலம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், இடவல நிலைப்பில் குட்டைப் பலகை 7 சதவீதம் போல முன்னால் நிற்கிறது. முன்பின் நிலைப்பில் நடுவாந்தரப் பலகை 20 சதவீதம் போல முன்னால். அந்த 7 சதவீதத்தைக் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தே ஈடு செய்துவிடலாம். 20 சதவீதத்தை ஈடு செய்ய வழியில்லை. எட்டரை அடிப் பலகையில் கால் வைக்க இருப்பதே ஒரு பாய் அளவு இடம். சிற்றலை முன்னாலிருந்து வந்து மூக்கைத் தூக்கும்போது வால் முங்கும், ஓட்டம் நின்றுபோகும், ஓட்டம் நின்றதும் ஆட்டம் கூடும். இந்தச் சங்கிலி ஒரு முறை ஆரம்பித்தால் தண்ணீரில்தான் முடியும்.

தட்டையான அடிப்பாகமும் சாப்பில் பட் பட் என்று அறையும். கணுக்காலில் அந்த அடி ஒவ்வொன்றும் தெரியும். நடுவாந்தரப் பலகைகளில் பலவற்றுக்கு வால் பக்கம் அடிப்பாகம் இலேசான 'வி' வடிவில் இருக்கும்; அது அறைவதில்லை, கிழித்துக்கொண்டு போகும்.

இன்னும் முக்கியமானது ஓரம். நான் பார்த்த குட்டைப் பலகைகளில் முக்கால்வாசி, நீளத்தில் இழந்த லிட்டரை ஓரத்தில் திணித்து வைத்திருக்கின்றன. உள்ளங்கையை ஓரத்தில் வைத்தால் செங்கல்லைப் பிடித்ததுபோல் இருக்கும். சிற்றலை அந்தச் செங்கல்லில் மோதித் தள்ளும். கட்டுமரம் சொன்ன பாடத்துக்கு நேர் எதிர். நடுவாந்தரப் பலகையில் தடிமன் நடுவில், முதுகுத்தண்டு மாதிரி. ஓரத்துக்குப் போகப் போக மெலிகிறது. ஒரு மாலை இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்து, காற்றுக்குப் பக்கவாட்டில் நின்றபடி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய ஓரத்தில் தண்ணீர் ஏறி, கால் விரலை நனைத்துவிட்டு, ரப்பர் மெத்தையின் கோடுகள் வழியே இறங்கிப் போனது. பலகை அசையவில்லை. தடித்த ஓரப் பலகையில் விரல் நனையவே இல்லை, ஆனால் கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஆகவே என் ஓட்டு 9 அடி 2 அங்குலத்துக்கு. அலைமேல் அது குட்டைப் பலகை அளவுக்குத் துள்ளாது, உண்மைதான். ஒரு மணி நேரத்தில் நான் பிடிக்கும் அலைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனக்கு அதுதான் கணக்கு. நீங்கள் 60, 65 கிலோதான் என்றால் இதே வடிவத்தில் 8 அடி 8 அங்குலம், 105 லிட்டர் பக்கம் பாருங்கள். 100 கிலோவுக்கு மேல் என்றால் ஸ்டார்போர்டின் வாப்பர் மாதிரி 10 அடி நீளமும் 34 அங்குல அகலமும் உள்ளதைத் தயங்காமல் எடுங்கள். அந்த எடைக்கு அது தக்கையாக ஆடாது, தண்ணீருக்குள் உட்காரும்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும். பந்தயப் பலகை 14 அடி நீளம், அகலம் 25 அங்குலத்துக்கும் கீழே வரும். அவர்கள் மட்டும் எப்படி நிற்கிறார்கள்? தேசியப் போட்டிகளில் பலமுறை வென்ற சேகர் பச்சை இந்தக் கோவளத்துக்காரர்தான். அவர் துடுப்பு போடுவதைப் பார்த்தால் விடை தெரியும்: துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே இருக்கும் நேரம் மிகக் குறைவு. தண்ணீரில் ஊன்றிய துடுப்பு மூன்றாவது கால். எந்தப் பலகை வாங்கினாலும் இதைப் பழகுங்கள். அலைக்குக் காத்திருக்கும்போதும் துடுப்பின் இலையைத் தண்ணீரில் தட்டையாக வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். அப்புறம் துடுப்பின் நீளம்: உங்கள் உயரத்துக்குமேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். நீளம் கூடினால் கை உயரும், காற்றுக்கு நெஞ்சு கிடைக்கும்.

ஃபின், அதாவது பலகையின் வாலுக்கு அடியில் இருக்கும் செதில், அதைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று ஃபின் போட்டு, நடு ஃபினைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் ஆட்டம் அடங்கும், பலகை நேராகவும் ஓடும். நாலு ஃபின் வேகத்துக்கு நல்லது, நிற்பதற்கு அவ்வளவு உதவாது. குட்டைப் பலகை ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் புதிது வாங்கும் முன் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு, வித்தியாசம் கண்கூடு.

ஆனி ஆடியில் கதை வேறு. காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று அடிக்கும். அலை முகம் வழவழப்பாக அழகாக நிற்கும், ஆனால் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளும். நிற்கிற ஆள் ஒரு பாய்மரம். அந்த மாதங்களில் மூக்கு ஒடுங்கிய பலகைதான், லாங்போர்டு வேண்டாம். காலில் லீஷ் (காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு) இல்லாமல் இறங்கவே கூடாது, அதுவும் சுருள் லீஷ் அல்ல, அலைக்கான நேர் லீஷ். கரை தள்ளிப் போகிறது என்று தோன்றியதும் வீம்புக்கு நிற்காமல் முட்டி போட்டுவிடுங்கள், அதுவும் போதாவிட்டால் துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துப் படுத்துக் கையால் வலித்து வாருங்கள்.

வாங்கும் முன் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். காற்று இல்லாத காலையில் அல்ல, மூன்று மணிக்கு. காற்றுக்குப் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் நகராமல் நில்லுங்கள். விழுந்த எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அலை பிடித்துக் களைத்த பிறகு அதே ஐந்து நிமிடத்தை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.