பைட்டா, டாக்டர் டாப்ஸா, கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்கா?

1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில், வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் ஆல்டேர் 8800 கணினி வந்ததும், சொந்தமாக ஒரு கணினி வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவில் பலரைப் பற்றிக்கொண்டது. சரி, பாகங்களை வாங்கிப் பொருத்தியாயிற்று. அப்புறம் அதை வைத்து என்ன செய்வது? அதற்கு வழிகாட்டியவற்றில் மூன்று இதழ்கள் முக்கியமானவை.

மூத்தது கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங். டேவிட் ஆல் 1974இலேயே தொடங்கிவிட்டார். பள்ளிக்கூடம், விளையாட்டு, தட்டிப் பார்க்க பேசிக் (BASIC) என்ற எளிய நிரல் மொழியில் நிரல்கள் என்று படிக்க இதமான இதழ். இயந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்க்க நினைப்பவருக்கு இது போதாது.

அவருக்குப் பைட்தான். 1975 செப்டம்பரில் வந்த இதழ், சில வாரங்களிலேயே எழுத்தைத் தாண்டி வேலையில் இறங்கியது. நிரலைச் சேமிக்க ஒவ்வொருவரும் ஒரு முறை வைத்திருந்தால் யாருடைய நாடாவும் யாருக்கும் பயன்படாது. நவம்பரில் கான்சாஸ் சிட்டியில் தயாரிப்பாளர்களைக் கூட்டி, சாதாரண ஆடியோ கேசட்டில் 0-வுக்கு 1200 ஹெர்ட்ஸ் ஒலி, 1-க்கு 2400 ஹெர்ட்ஸ் ஒலி என்று ஒரு பொது முறைக்கு வழி செய்தது. ஒரு பத்திரிகை இதைச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். பிற்காலத்தில் விளம்பரம் பெருத்து, கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் என் மனம் டாக்டர் டாப்ஸ் பக்கம்தான். 1976 ஜனவரியில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஜிம் வாரன் ஆசிரியராக இருக்க, டைனி பேசிக் என்ற சிறிய நிரல் மொழியைப் பரப்பவே பிறந்தது. நினைவகம் விலை உயர்ந்த காலம். ஆல்டேரோடு வந்ததே 256 பைட் நினைவகம்தான். இரண்டு மூன்று கிலோபைட்டில் அடங்கும் மொழி எவ்வளவு பெரிய உதவி! மூல நிரலை முழுசாக அச்சிட்டார்கள். வாசகர்கள் தட்டிப் பார்த்து, திருத்தி, தங்கள் வடிவத்தை அனுப்பினார்கள், அதுவும் அச்சேறியது. மென்பொருளை நகலெடுப்பது திருட்டு என்று பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதியது அதே 1976 பிப்ரவரியில். சில மாதங்களில் லி-சென் வாங் என்ற நிரலாளர் தன் டைனி பேசிக்கின் தலைப்பில், காப்பிரைட்டைக் கேலியாகத் திருப்பிப் போட்டு, 'காப்பிலெஃப்ட்' என்று எழுதினார். அந்தச் சண்டையின் இரு பக்கமும் எனக்குப் புரிந்தது இந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான்.

பழைய இதழ்களைப் புரட்ட நேரம் கொஞ்சம்தான் என்றால் 1976ஆம் ஆண்டு டாக்டர் டாப்ஸை எடுங்கள். அதன் பிறகு, ஸ்மால்டாக் என்ற நிரல் மொழிக்கென்றே வந்த 1981 ஆகஸ்ட் பைட்.