ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயறிதல்: நொதிச் சாயமா, கால்ரெட்டினினா?

ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றைப் பாதிக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில், பெருங்குடலின் கடைப்பகுதியில் கேங்லியான் செல்கள் (குடலின் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புச் செல்கள்) உருவாகாமலே போவதால், அப்பகுதி தளர முடியாமல் இறுகி நிற்க, மலம் அதற்கு மேலே தேங்கிக் குடல் வீங்குகிறது. நோயை உறுதிசெய்ய மலக்குடலிலிருந்து உறிஞ்சி எடுக்கும் திசுத் துணுக்கு சில மில்லிமீட்டரே இருக்கும். பிறந்த குழந்தையின் கேங்லியான் செல்கள் சிறியவை, முதிராதவை என்பதால், வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தை மட்டும் நம்பி அவை அறவே இல்லை என்று அறுதியிடுவது கடினம். அதனால்தான் துணைச் சாயம் தேவைப்படுகிறது.

பழைய வழி, நொதியின் செயல்பாட்டையே நிறமாக மாற்றுவது. கேங்லியான் செல்கள் இல்லாத குடலில் வெளியிலிருந்து வரும் நரம்பிழைகள் தடித்துப் பெருகுகின்றன. அவற்றில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி மிகுதி. கார்னாவ்ஸ்கியும் ரூட்ஸும் 1964இல் வெளியிட்ட முறைப்படி, திசுவின்மேல் அசிட்டைல்தயோகோலின் இடப்படுகிறது. நொதி அதை உடைக்கும்போது பிறக்கும் தயோகோலின், கரைசலிலுள்ள ஃபெரிசயனைடை ஃபெரோசயனைடாக ஒடுக்க, அது செம்பு அயனியுடன் சேர்ந்து நொதி இருக்கும் இடத்திலேயே பழுப்பாகப் படிகிறது. மயர்-ரூகே 1972இல் இதை இந்நோய்க்கான பரிசோதனையாக முன்வைத்தார். நோய் இருந்தால் சளிச்சவ்விலும் அதை ஒட்டிய மெல்லிய தசைப் படலத்திலும் தடித்த பழுப்பு இழைகள் தெரியும் என்பது இதன் பெரும் வலிமை. இருப்பதைக் கண்டு சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம்.

ஆனால் நொதி செயல்படும் நிலையில் இருந்தாக வேண்டும். ஃபார்மலினில் ஊறிப் பாரஃபினில் பதிந்த திசு இதற்கு உதவாது. துணுக்கை ஈரம் காயாமல் உடனே ஆய்வகத்தில் சேர்த்து, உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைக் குளிரிலேயே மெல்லியதாகச் சீவும் கருவி) வெட்ட வேண்டும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிலும், பெருங்குடல் முழுவதும் பாதிக்கப்பட்ட நிலையிலும் நொதிப் பெருக்கம் தென்படாமல் போகலாம். சிவப்பணுக்களிலும் இதே நொதி உண்டு என்பதால், இரத்தக் கசிவுள்ள துணுக்கு குழப்பும்.

கால்ரெட்டினின் சாயம் இதற்கு நேர்மாறானது. இங்கு எதிர்பொருள் தேடுவது செயல்பாட்டை அல்ல, கால்சியத்தைப் பிணைக்கும் கால்ரெட்டினின் என்ற புரதத்தை. இயல்பான குடலின் சளிச்சவ்வில் மெல்லிய நரம்பிழைகள் நிறமேறும்; நோயுற்ற பகுதியில் அவை மறைந்துவிடும். ஃபார்மலின் திசுவே போதும் என்பதால் துணுக்கைத் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். இதன் சிக்கல், இங்கு நோயின் அடையாளம் வெறுமை என்பதே. சாயம் சரியாக ஏறாவிட்டாலும் அதே வெறுமைதான் தெரியும். ஆகவே இயல்பான குடல்திசுவை உடன்வைத்துச் சாயமேற்றாமல் முடிவு எழுதக் கூடாது. மாஸ்ட் செல்களும் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) நிறமேறுவதால், பழகாத கண் அவற்றை நரம்பிழை என்று எண்ணி நோயைத் தவறவிடக்கூடும்.

கிரையோஸ்டாட்டும் தேர்ந்த தொழில்நுட்பரும் தொடர்ச்சியான நோயாளி வரத்தும் உள்ள குழந்தைகள் மருத்துவமனை நொதிச் சாயத்தைக் கைவிடக் கூடாது. இரு துணுக்குகள் கிடைத்தால் ஒன்றை உறையவைத்து, மற்றதை ஃபார்மலினில் இடுவதே சிறந்தது. மாதத்துக்கு ஒரு துணுக்குகூட வராத பொது ஆய்வகத்துக்கு கால்ரெட்டினினே பாதுகாப்பானது என்பேன், ஏனெனில் அரிதாகச் செய்யப்படும் நொதிச் சாயத்தில் கைத்திறன் நிலைப்பதில்லை. எந்த முறையானாலும், ஆசனவாயின் பற்கோட்டுக்கு (ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில் பல்வரிசை போல் தெரியும் எல்லைக்கோடு) எவ்வளவு மேலே துணுக்கு எடுக்கப்பட்டது என்பதை அறுவை மருத்துவர் படிவத்தில் எழுதியே தீர வேண்டும். கோட்டை ஒட்டிய பகுதியில் நலமான குழந்தைக்கும் கேங்லியான் செல்கள் குறைவாகவே இருக்கும்.