பனை ஓலையா, வில்லுப்பாட்டா, கோல நோட்டா?

சர்க்கரை வந்த மூன்றாம் வருடம் மருந்துச் சீட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. தின்பது, நடப்பது எல்லாவற்றையும் யாரோ சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு கைவேலை வேண்டும் போலிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, உடல்நலத்தைக் காப்பதில் கலைகளுக்குப் பங்குண்டு என்று அறிக்கை வெளியிட்டது. பாளையங்கோட்டையில் முழங்கால் வலியோடு இருப்பவளுக்கு எந்தக் கலை ஒத்துவரும் என்பதை நானேதான் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

வில்லுப்பாட்டுக் குழுவுக்கு நான்கு சனிக்கிழமைதான் போனேன். உடுக்கும் குடமும் முழங்க, பின்னாலிருந்து ‘ஆமா’ போடுவது என் வேலை. வாய்விட்டுப் பாடிய இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். நான்கு வாரத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

ஓலை முடைய உடன்குடி மதினிதான் கற்றுக்கொடுத்தார். குருத்தோலை வாசம் ஒன்றே போதும், மனம் அடங்கிவிடும். ஆனால் ஈர்க்கை நீக்கி ஓலையை வகிரும்போது விரலில் கத்தி பட்டது. சர்க்கரைக்காரருக்குக் காயம் ஆறத் தாமதமாகும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதைவிடத் தொல்லை, இரண்டு நாள் விட்டால் ஓலை காய்ந்துவிடும். நனைத்துப் பதப்படுத்தித்தான் மறுபடி தொட முடியும். பாதிப் பெட்டி மூலையில் கிடந்து என்னை முறைத்தது.

நோயாளிக்கு முக்கியமே இந்த ‘விட்டுப் போகிற’ நாள்கள்தான். தலைசுற்றல், காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஏதாவது குறுக்கே வரும். திரும்பி வரும்போது பழைய பாக்கி காத்திருந்தால் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. கோலத்துக்குப் பாக்கி கிடையாது. நேற்றையது நேற்றோடு போயிற்று.

வாசலில் குனிய முடியாததால் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் போடுகிறேன். நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் ஊடுபுள்ளி (முந்தின வரிசையின் இடைவெளிக்கு நேரே வைப்பது) நான்கு வரை; மொத்தம் 37 புள்ளி. கம்பிக் கோலத்தின் இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். அதன் ஓரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் குறிக்கிறேன். கோலத்துக்காக நோட்டைத் திறக்கப்போய், சோதிப்பதும் தவறாமல் நடக்கிறது. பலாப்பழம் தின்ற மறுநாள் சர்க்கரை ஏறியிருந்ததை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் மருத்துவரிடம் நோட்டோடுதான் போகிறேன். கேள்விகளை முதலில் நான் கேட்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தப் பெருமையைக் கோலத்துக்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரையும் மாலை நடையும் கோபித்துக்கொள்ளும். கூட்டத்தோடு இருந்தால்தான் தெம்பு வரும் என்பவர்கள் வில்லுப்பாட்டுக்கே போகலாம்.

வாசல் கோலத்தை நோட்டுக்குள் பூட்டிவிட்டேன் என்று மதினி கேலி செய்கிறார். மார்கழிக்கு அவரைத்தான் கூப்பிடப்போகிறேன். நான் நோட்டைப் பார்த்துச் சொல்ல, அவர் குனிந்து போடட்டும்.